கலைடாஸ்கோப் யாருடைய கண்டுபிடிப்பு? மேசைமேல் செய்து பார்த்துத் தீர்த்துக்கொள்ளும் வழி

வளையல் துண்டுகளைப் பூப்போன்ற உருவங்களாகக் காட்டும் குழாய்ப் பொம்மையான கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ப்ரூஸ்டர் என்றுதான் பெரும்பாலான புத்தகங்களில் இருக்கும். 1817 ஜூலை 10-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. கிரேக்கத்தில் அழகு, உருவம், பார்த்தல் ஆகிய மூன்று சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தவரும் அவரே. ஓராண்டு கழிவதற்குள் வேறொரு பேச்சு கிளம்பியது. ரிச்சர்ட் பிராட்லி என்பவர் 1717-இல் எழுதிய தோட்டக்கலை நூலில் இதே கருவி இருக்கிறது, ப்ரூஸ்டர் அதைப் பார்த்துத்தான் செய்தார் என்றார்கள். இன்னும் பின்னால் போனவர்கள், 1646-லேயே ஜெர்மன் அறிஞர் அதானசியஸ் கிர்ச்சர் இரண்டு கண்ணாடிகளைப் புத்தகம் போல விரித்து ஒரு பொருளைப் பல பொருளாகக் காட்டினாரே என்று கேட்டார்கள்.

இந்த வழக்கைப் படித்து முடிவுசெய்வதைவிட, இரண்டு கருவிகளையும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மேல். பிராட்லியுடையதைச் செய்யப் பத்து நிமிடம் போதும். ப்ரூஸ்டருடையதற்கு ஒரு மாலைப் பொழுது வேண்டும். அளவுகளை விடாமல் பின்பற்றினால் இரண்டும் எங்கே பிரிகின்றன என்பது கண்ணுக்கே தெரியும்.

சொல் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். கண்ணாடி என்றால் வெறும் கண்ணாடியா, முகம் பார்க்கும் கண்ணாடியா என்ற குழப்பம் வரும். அதனால் முகம் பார்ப்பதைப் பாடப் புத்தகத்தில் உள்ளபடி ஆடி என்றே எழுதுகிறோம்.

முதலில் பிராட்லியின் கருவி

இதன் அளவு நமக்குத் தெரிய வந்தது நீராவி எஞ்சினால் பெயர் பெற்ற ஜேம்ஸ் வாட் மூலம். 1818-இல், 82 வயதில், அவர் அந்தத் தோட்டக்கலை நூலை நண்பர் ஒருவர் மூலம் பெற்றுப் படித்துவிட்டு ப்ரூஸ்டருக்குக் கடிதம் எழுதினார். ஒரே அளவுள்ள இரண்டு ஆடிகள். நீளம் 5 அங்குலம், உயரம் 4 அங்குலம். குறுகிய பக்கத்தில் கீல் வைத்துப் புத்தக அட்டை போலத் திறந்து மூடலாம். ஒரு படத்தின்மேல் நிறுத்தினால் படம் பலவாகத் தெரியும். எழுபது ஆண்டுக்கு முன்பு தன் தந்தையிடம் இப்படி ஒன்றைப் பார்த்திருப்பதாகவும் வாட் எழுதினார். ஆகவே கருவி ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை, வீடுகளில் புழங்கியிருக்கிறது.

கண்ணாடிக் கடையில் 2 மி.மீ. தடிமனுள்ள சாதாரண ஆடியில் 125 × 100 மி.மீ. அளவில் இரண்டு துண்டு வெட்டச் சொல்லுங்கள். விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக் கூர் போக்கிவிட்டு, இரண்டையும் முகம் கீழாக ஒரு துணிமேல் வைத்து, 100 மி.மீ. பக்கங்கள் எதிரெதிரே இருக்கும்படி 4 மி.மீ. இடைவெளி விட்டு, முதுகில் துணி டேப் ஒட்டுங்கள். 4 மி.மீ. ஏன்? மடிக்கும்போது ஒவ்வொரு ஆடியின் 2 மி.மீ. தடிமனும் உட்புறமாகத் திரும்புகிறது. இடைவெளி விடாமல் ஒட்டினால் முன் விளிம்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மடியாது. பலவந்தமாக மடித்தால் விளிம்பு பொரிந்துவிடும். இரண்டு தீக்குச்சிகளை நடுவில் படுக்க வைத்து ஒட்டினால் அளவு ஏறக்குறையச் சரியாக வரும்.

வெள்ளைத்தாளில் ஒரு புள்ளியிலிருந்து 72 டிகிரி, 60 டிகிரி, 45 டிகிரி கோணங்களைப் பாகைமானியால் வரைந்துகொள்ளுங்கள். ஆடிகளை அந்தக் கோடுகளில் நிறுத்தி, நடுவே ஒரு சாய்கோடு போடுங்கள். அது இரண்டு ஆடிகளையும் வெவ்வேறு தூரத்தில் தொடவேண்டும், இது முக்கியம்.

60 டிகிரியில் உண்மைப் படமும் பிம்பங்களுமாக ஆறு பங்கும் சேர்ந்து முழு உருவமாக மூடிக்கொள்ளும். 72 டிகிரிக்குத் திறவுங்கள். 360-ஐ 72 சரியாக ஐந்து முறை வகுக்கிறது. அப்படியும் எதிர்ப்பக்கத்தில் கடைசி இரண்டு பங்குகள் சந்திக்கும் இடத்தில் கோடு முறிந்து நிற்கும். எதிரொளிப்பு ஒவ்வொன்றும் படத்தை இடவலமாகத் திருப்புகிறது. பங்குகள் இரட்டைப்படையாக இருந்தால் நேர், திருப்பம், நேர், திருப்பம் என்று சுற்றி வந்து பொருந்திவிடும். ஒற்றைப்படையானால் கடைசியில் ஒரே மாதிரி இரண்டு அக்கம்பக்கமாக வந்து இடிக்கும். இரண்டு ஆடியையும் ஒரே தூரத்தில் தொடும் சமச்சீரான கோடு போட்டிருந்தால் இந்தக் குறை மறைந்துபோயிருக்கும். தோட்டப் பாத்தி வரைபவருக்குத் தம் கோட்டைச் சமச்சீராகப் போட்டுக்கொள்ளும் வசதி உண்டு. பெட்டிக்குள் தானாக உருளும் வளையல் துண்டுக்கு அது கிடையாது. கோணம் 360-ஐ இரட்டைப்படை எண்ணால் வகுத்து வருவதாக இருக்கவேண்டும் என்ற விதியை ப்ரூஸ்டர் வலியுறுத்தியதன் காரணம் இதுவே: 60, 45, 36, 30, 22.5.

இன்னொன்றையும் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தால் உருவம் வட்டமாக இராது, முட்டை வடிவில் தட்டையாகத் தெரியும். தாளைச் சாய்வாகப் பார்க்கிறோம் அல்லவா? ஆடிகளுக்குள் ஆழத்தில் உள்ள பங்குகள் மங்கலாகவும் இருக்கும். இப்போது எழுந்து, கண்ணை, இரண்டு ஆடிகளும் சேரும் மூட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்து கீழே பாருங்கள். வட்டம் சீராகிவிடும், ஒளியும் எல்லாப் பங்கிலும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஆனால் ஆடியின் உயரம் 100 மி.மீ. தான். அத்தனை நெருக்கத்தில் பெரியவர்கள் கண்ணுக்குப் படம் துலங்காது, சிறுவர்களுக்குத்தான் துலங்கும். பிராட்லி கலைடாஸ்கோப்பின் வாசல்வரை வந்துவிட்டார் என்று நாம் நினைப்பது இந்த இடத்தில்தான். உள்ளே போகவில்லை. அவருக்கு வேண்டியது தோட்டத்துக்கு ஒரு வடிவம், அது கிடைத்துவிட்டது.

ப்ரூஸ்டர் எப்படி வந்து சேர்ந்தார்

அவர் பொம்மை செய்யக் கிளம்பியவர் அல்லர். ஒளி முனைவாக்கம் (ஒளியலைகள் ஒரே திசையில் மட்டும் அதிரும்படி ஆவது) பற்றிய சோதனைகளில் 1814 முதல் கண்ணாடித் தட்டுகளுக்கு இடையே ஒளியை மாறி மாறி எதிரொளிக்க வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பிரெஞ்சு விஞ்ஞானி பியோ திரவங்களில் செய்த சோதனைகளைத் திரும்பச் செய்ய, இரண்டு கண்ணாடித் தட்டுகளைச் சாய்த்து ஒட்டி ஒரு முக்கோணத் தொட்டி அமைத்தார். ஒட்டிய பசை தொட்டியின் மறுமுனையில் தட்டுகளின் இடுக்கு வழியே கொஞ்சம் பிதுங்கியிருந்தது. இந்த முனையில் கண் வைத்தபோது அந்தப் பசைத் துளி அழகான சமச்சீர் உருவமாகத் தெரிந்தது.

பசை இருந்த இடத்தைக் கவனியுங்கள். ஆடிகளின் நுனியை ஒட்டியே இருந்தது. கண் மறுநுனியில், மூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கோணம், பொருள் இருக்கும் இடம், கண் இருக்கும் இடம் என்ற மூன்று நிபந்தனைகளையும் அவர் பிரித்தெடுத்துக் கணக்கிட்டார். அவர் தனக்கென்று கோரியது இந்த மூன்றும் சேர்ந்த கருவியை. இரண்டு ஆடி பல பிம்பம் தரும் என்பதைத் தன் கண்டுபிடிப்பு என்று அவர் சொல்லவே இல்லை. எடின்பர்க் பேராசிரியர் ஜான் பிளேஃபேர் 1818 மே மாதம் இரண்டு கருவிகளையும் ஒப்பிட்டு, விளைவிலும் அமைப்பின் அடிப்படையிலும் வேறுவேறு என்று எழுதித் தந்தார். வாட்டின் கருத்தும் அதுவே. கையில் செய்து பார்த்தவர்களும் பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

ப்ரூஸ்டரின் கருவி: வாங்கவேண்டியவை

63 மி.மீ. பிவிசி பைப் 215 மி.மீ. நீளம், கூடவே வளையத்துக்காக 8 மி.மீ. நீளத் துண்டு ஒன்று. கடையில் ரெண்டு இஞ்ச் பைப் என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். இதன் உள்விட்டம் சுமார் 59 மி.மீ. சுவர்த் தடிமன் ரகத்துக்கு ரகம் மாறுவதால் அளந்து வாங்குங்கள். 2 மி.மீ. தடிமன் ஆடி, 200 × 50 மி.மீ. அளவில் இரண்டு. பளபளப்பு இல்லாத கருப்பு அட்டை. 1 மி.மீ. தெளிவான அக்ரிலிக் தகடு. கால் அங்குலத் துளையுள்ள கண்மூடி செய்யக் கெட்டி அட்டை. நியூட்ரல் வகைச் சிலிக்கான் பசை ஒரு டியூப். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். காயும்போது அதிலிருந்து வரும் அமில ஆவி மூடிய குழாய்க்குள் ஆடியின் பூச்சை அரித்துவிடும்.

ஆடியில்தான் பணத்தைப் போடவேண்டும். வீட்டு ஆடியில் பூச்சு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஒளி முன்பரப்பிலும் எதிரொளிக்கும், பின்பூச்சிலும் எதிரொளிக்கும். ஒரு படத்துக்கு இரண்டு படம். முகம் பார்க்கும்போது முன்பரப்பு 4 விழுக்காடுதான் தருவதால் நமக்குத் தெரிவதில்லை. கலைடாஸ்கோப்பில் ஒளி ஆடியை உரசிக்கொண்டு போகிறது. 80 டிகிரி சாய்வில் அதே முன்பரப்பு 40 விழுக்காட்டை நெருங்கிவிடும். அதனால் பேய்ப்படம், அதாவது அந்த இரண்டாவது பிம்பம், நன்றாகவே தெரியும். முன்பக்கமே பூச்சுள்ள ஃபர்ஸ்ட் சர்ஃபேஸ் மிரர் கிடைத்தால் அதை வாங்குங்கள். பேனா நுனியை ஆடியில் வைத்துப் பாருங்கள்: நுனியும் பிம்பமும் ஒட்டிக்கொண்டால் முன்பூச்சு, நடுவில் இடைவெளி தெரிந்தால் பின்பூச்சு.

முன்பூச்சு ஆடியில் ஒளி குறைவாக வீணாகும் என்ற இன்னொரு லாபமும் உண்டு. 30 டிகிரிக் கருவியில் எதிர்ப்பக்கப் பங்குக்கு ஒளி ஆறு முறை பட்டு வருகிறது. ஒரு முறைக்கு 15 விழுக்காடு போனால் கடைசியில் மிஞ்சுவது 38 விழுக்காடு. 6 விழுக்காடு மட்டும் போனால் 69 மிஞ்சும். முன்பூச்சை விரலால் தொடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். காப்புப் படலத்தை மாட்டுவதற்குச் சற்று முன்புதான் உரிக்கவேண்டும். தூசியைக் காற்று ஊதும் ரப்பர் பந்தால் நீக்குங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி தெறிக்கும்.

ஆடிகளைக் கோத்தல்

30 டிகிரி, 12 பங்கு, ஆறு முனை நட்சத்திரம். முதல் முயற்சிக்கு இது நல்லது. நீண்ட விளிம்புகளில் பொரிவே இல்லாத ஒன்றை ஒவ்வொரு ஆடியிலும் தேர்ந்தெடுத்து அதை மூட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மூட்டில் உள்ள ஒவ்வொரு பொரிவும் உருவத்தின் நடுவில் கருப்புப் பொட்டாகத் தெரியும்.

முன்புபோலவே முகம் கீழாக, 4 மி.மீ. இடைவெளியில், முதுகில் டேப். பிறகு மடித்து, திறந்த பக்கத்தைக் கருப்பு அட்டைப் பட்டையால் மூடவேண்டும். கோணத்தைத் தீர்மானிப்பதே இந்தப் பட்டையின் அகலம்தான். 50 மி.மீ. ஆடிக்கு 30 டிகிரி என்றால் 25.9 மி.மீ.; 36 டிகிரி என்றால் 30.9, 45 டிகிரி என்றால் 38.3. இதில் 1 மி.மீ. பிசகினால் கோணம் 1.2 டிகிரி மாறும். சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் அந்தப் பிசகு 12 பங்கிலும் சேர்ந்துகொண்டே போய், எதிர்ப்பக்கத்தில் 14 டிகிரியாக, அதாவது ஒரு பங்கில் பாதியாக வந்து நிற்கும். நட்சத்திரத்தின் ஐந்து முனை கூர்மையாகவும் ஆறாவது பிளந்தோ சப்பையாகவோ தெரிந்தால் காரணம் இதுதான்.

ஆகவே அட்டையை 27 மி.மீ. வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். ஒவ்வொரு முறையும் சாய்கோடு போட்ட தாளின்மேல் ஆடிகளை நிறுத்தி, மேல்நுனியில் மூட்டுக்குப் பக்கத்தில் கண் வைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்க முனை மற்ற ஐந்தைப் போலவே ஆனதும் நிறுத்திவிட்டு, மூன்று பக்கத்தையும் சுற்றி மூன்று இடத்தில் டேப் போடுங்கள். கீழ்நுனியிலும் மேல்நுனியிலும் அதே அகலம் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். ஒரு நுனி அகன்றிருந்தால் உருவத்தின் மையம் வளைந்து ஒரு பக்கமாக ஓடும்.

பட்டை கருப்பாக இருப்பது ப்ரூஸ்டரின் இரண்டு ஆடிக் கருவிக்குத் தேவை. அங்கேயும் ஆடி வைத்து மூன்று பக்கமும் சமமாக 60 டிகிரி முக்கோணமாக்கினால் வட்ட உருவம் போய், தரை ஓடு பதித்ததுபோல எல்லையில்லாமல் பரவும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மூன்று பட்டை வைத்துச் செய்வது அந்த வகை. அதையும் ப்ரூஸ்டரே விவரித்திருக்கிறார். 60-60-60, 90-45-45, 90-60-30 ஆகிய மூன்று முக்கோணங்களில்தான் உருவம் முறியாமல் பரவும்.

பொருள் பெட்டி

வழக்கின் உயிர்நாடியே இந்தப் பெட்டிதான். பொருள் ஆடியின் நுனியைத் தொடவேண்டும். விலகினால் உண்மைப் பொருளுக்கும் முதல் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்து சமச்சீர் கெடும். தொட்டாலும் பெட்டிச் சுவரின் தடிமன் குறுக்கே வரும். அதனால்தான் உட்புற வட்டு 1 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்கிறோம். பெட்டியின் ஆழம் 8 மி.மீ. போதும். ஆழம் கூடினால் துண்டுகள் பின்னால் நின்றுகொள்ளும்.

8 மி.மீ. பைப் வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, 17 மி.மீ. நீளத்தை எடுத்துவிடுங்கள். கொதிக்கும் நீரில் அரை நிமிடம் போட்டால் இளகும். சுருக்கி வட்டமாக்கி நூலால் கட்டி ஆறவிடுங்கள். வெளிவிட்டம் 58.5 மி.மீ. ஆகும், 3 மி.மீ. அகலத்தில் ஒரு வாயும் மிஞ்சும். அக்ரிலிக்கில் 58 மி.மீ. வட்டு இரண்டு வெட்டி, ஒன்றை 400 எண் உப்புத்தாளால் ஒரு பக்கம் சீராகத் தேய்த்து மங்கலாக்குங்கள். மங்கல் வட்டு வெளிச்சப் பக்கத்துக்கு. அது இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் ஜன்னல் கம்பியெல்லாம் உருவத்துக்குள் வந்துவிடும்.

உள்ளே போட: உடைந்த கண்ணாடி வளையல் 10 முதல் 15 மி.மீ. நீளத்தில் எட்டுத் துண்டு, 3 மி.மீ. பாசிமணி பத்து, முறுக்கிய மெல்லிய செம்புக் கம்பி இரண்டு. வளையலை உடைக்கும்போது துணிக்குள் சுற்றி இடுக்கியால் நெரியுங்கள், கண்ணுக்குக் காப்பு போடுங்கள், இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். வளையல் துண்டைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. நேர்க்கோடு எங்கே விழுந்தாலும் முனைகளைத்தான் தரும். வளைவு ஆடியில் மோதி மடங்கும்போது இதழாகிறது, பக்கத்து இதழோடு பின்னிக்கொள்கிறது. ப்ரூஸ்டரும் முறுக்கி இழைத்த வண்ணக் கண்ணாடியைத்தான் விரும்பிப் பயன்படுத்தினார். பெட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் துண்டுகள் உருளாமல் அடைத்துக்கொள்ளும். ஒளி புகாத பொருள் கூடினால் உருவம் கருத்துவிடும்.

வட்டுகளை வளையத்தின் இருபுறமும் சிலிக்கானால் ஒட்டுங்கள். உலர் பெட்டியே போதுமானவர்கள் வாயையும் அதனால் அடைத்துவிடலாம். துண்டுகள் மெல்ல மிதந்து இறங்கவேண்டுமானால் மருந்துக்கடைக் கிளிசரின் வேண்டும். மூன்று பங்கு கிளிசரினுக்கு ஒரு பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்தால் ஓட்டம் மிதமாக இருக்கும். பெட்டி சுமார் 18 மி.லி. பிடிக்கும். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சால் வாய்வழியே ஏற்றி, 1 மி.லி. அளவு காற்றுக்குமிழியை விட்டுவைத்து அடையுங்கள். குமிழியே இல்லாமல் நிரப்பினால் வெயிலில் திரவம் விரியும்போது ஒட்டு பிளந்து கசியும். சாயம் பூசிய மலிவுப் பாசிகளை முன்னதாக ஒரு கிண்ணம் கிளிசரினில் இரண்டு நாள் ஊறவைத்துச் சோதியுங்கள். பலவற்றில் சாயம் கரைந்து திரவத்தையே கலங்கடித்துவிடும்.

திரவத்தைப் பொம்மைக்குள் கொண்டுவந்த பெருமையில் பெரும்பங்கு இன்னொருவருக்குப் போகவேண்டும். பிரஷ்யாவிலிருந்து பாஸ்டனில் குடியேறிய சார்லஸ் புஷ் 1873-74-இல் அமெரிக்கக் காப்புரிமைகள் பெற்று, திரவமும் குமிழியும் அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகளைப் பொருள் பெட்டியில் போட்டார். பெட்டி நின்ற பிறகும் குமிழி உள்ளே நகர்ந்துகொண்டிருக்கும். கலைடாஸ்கோப் வரலாறு எழுதும்போது ப்ரூஸ்டரோடு நிறுத்திக்கொள்வது புஷ்ஷுக்குச் செய்யும் அநியாயம்.

கண்துளை

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். துளையைக் குழாயின் நடுவில் போடக்கூடாது. மூட்டுக்கு மேலே 4 அல்லது 5 மி.மீ. தள்ளி, 6 மி.மீ. விட்டத்தில் போடவேண்டும். நம் அளவுகளில் அது குழாய் மையத்திலிருந்து சுமார் 21 மி.மீ. விலகி, சுவரை ஒட்டி வரும். பார்க்க விகாரமாக இருக்கிறதே என்று நடுவுக்கு நகர்த்தினால், மூட்டிலிருந்து விலகும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எதிர்ப்பக்கப் பங்குகள் மங்கிக்கொண்டே போகும். வட்டமும் சரியாக மூடாது. பிராட்லியின் ஆடிகளைச் சாய்வாகப் பார்த்தபோது கண்ட அதே குறைதான்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 20 செ.மீ. தூரம் துலங்காது. மூக்குக்கண்ணாடிக் கடையில் +4 பவர் லென்ஸ் ஒன்று வாங்கித் துளையின் உட்புறம் ஒட்டிவிட்டால் பொருள் ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் இருப்பதுபோலத் தெரியும், கண் இளைப்பாறும்.

ஆடிக்கூட்டை மெல்லிய ஸ்பாஞ்ச் பட்டை சுற்றிக் குழாய்க்குள் இறுக்கமில்லாமல் நிறுத்துங்கள். பொருள் பெட்டியின் தெளிவான வட்டு ஆடி நுனிகளில் முட்டும்வரை தள்ளி ஒட்டுங்கள். பார்க்கும்போது மூட்டு கீழே இருக்கட்டும். துண்டுகள் தம் எடையால் அங்கே வந்து சேர்ந்து உருவத்தின் நடுவை நிறைக்கும். முழுச் சுற்றுச் சுற்றினால் பாதி நேரம் பார்வைப் பரப்பு வெறுமையாகிவிடும். கால் சுற்று இப்படியும் அப்படியும் உருட்டுவதே போதும்.

பிராட்லியால் செய்ய முடியாதது

பொருள் பெட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 50 மி.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்ஸ் ஒன்றை ஆடி நுனியிலிருந்து 50 மி.மீ. முன்னால், நகரும் சிறு குழாயில் பொருத்துங்கள். எதிரே உள்ள மரத்தின் பிம்பம் சரியாக ஆடி நுனியில் விழும். பொருள் அங்கே இருப்பதுபோலவே கருவி ஏமாந்துகொள்ளும். கிட்டத்துப் பொருளுக்கு லென்ஸை இன்னும் கொஞ்சம் வெளியே இழுக்கவேண்டும். விளக்குச் சுடர், பூந்தொட்டி, நடந்துபோகும் ஆள் எல்லாம் நட்சத்திரமாகும். இந்த லென்ஸ் வகையையும் ப்ரூஸ்டர்தான் செய்தார். படத்தின்மேல் நிறுத்தினால்தான் வேலை செய்யும் பிராட்லியின் ஆடிகளோடு இதை வைத்துப் பார்த்தால், 1717-க்கும் 1817-க்கும் நடுவில் உள்ள தூரம் விளங்கும். கிர்ச்சரும் பிராட்லியும் அவருக்கு முன்னோர்கள். அவர்களை மறைத்து எழுதுவது தவறு. கருவி ப்ரூஸ்டருடையது.

பணம் மட்டும் அவருக்குப் பெரிதாக வரவில்லை. விற்பனைக்குப் போதிய கருவிகள் தயாராவதற்கு முன்பே ஒன்று லண்டன் ஒளியியல் கருவி செய்பவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. பர்மிங்காமில் பிலிப் கார்ப்பெண்டர் உரிமத்தோடு செய்யத் தொடங்கியும் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் லண்டனிலும் பாரிஸிலும் இரண்டு லட்சம் விற்றதாகவும், அவற்றில் முறைப்படி செய்யப்பட்டவை ஆயிரம்கூட இராது என்றும் 1819-இல் ப்ரூஸ்டர் எழுதினார். பின்னாளில் முப்பரிமாணப் படம் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் விஷயத்தில், 1838-இல் அதை அறிவித்த ஆங்கிலேய விஞ்ஞானி வீட்ஸ்டனுக்குரிய முதலுரிமையை ப்ரூஸ்டரே மறுத்து வாதாடினார். அவருடைய கலைடாஸ்கோப் உரிமையை மதிப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

திருவிழாக் கடைப் பொம்மையைச் சரிசெய்ய

அந்த இரண்டு லட்சத்தில் இருந்த குறைகள் இன்றைக்கும் அப்படியே விற்கின்றன. கையில் ஒன்று இருந்தால் வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, பங்குகள் சந்திக்கும் கோடுகளைக் கவனியுங்கள். அங்கே துண்டுகள் ஒன்றோடொன்று சேராமல் நடுவில் வெற்றுப் பட்டை தெரிந்தால், ஆடிகள் பொருள் பெட்டியைத் தொடவில்லை என்று பொருள். கண்துளை மூடியைக் கழற்றி, ஆடிகளைப் பென்சிலால் முன்னே தள்ளி முட்டச் செய்யுங்கள். பின்னால் விழும் இடத்தில் ஸ்பாஞ்ச் துண்டு வைத்து நகராமல் அடக்குங்கள். இரண்டு ஆடியும் ஒரு கருப்புப் பட்டையுமாக இருந்து துளை நடுவில் இருந்தால், பழைய மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு மூட்டை ஒட்டித் துளையிட்ட புது அட்டையை ஒட்டுங்கள். மூன்று ஆடி உள்ளதற்குத் துளை நடுவிலேயே இருக்கலாம்.